காந்தங்களின் இயல்பும் வகையும் பேணலும்

முன்னுரை

பௌதிக ஆய்கூடத்திற் புகுந்த மாணவன், எவரும் ஏவாமலே தானாகக் கையிலெடுக்கும் கருவி காந்தமாகும். தராசைத் தொடுவதற்கு அவன் அஞ்சுவான். வெப்பமானியை ஏந்துவதற்குத் தயங்குவான். காந்தத்தைக் கண்டாலோ, அருகிலுள்ள ஆணியையும் குண்டூசியையும் தேடிப்பிடித்து ஒட்டவைத்துப் பார்ப்பான். இவ்வாறு எல்லார் கைக்கும் எளிதில் வருவதனாலேயே காந்தம் எளிதிற் கெட்டும் போகின்றது. உடைந்த கண்ணாடிக் குழாயைக் கண்டால் அது பழுதுற்றதென யாவரும் அறிவர். வலியிழந்த காந்தமோ புறத்தோற்றத்தில் முன்போலவே இருக்கும். அதற்குப் பூசிய சிவப்பு வர்ணம் மங்குவதில்லை. அதன்மீது பொறித்த எழுத்தும் அழிவதில்லை. முன்னாளிற் பத்து ஆணிகளைத் தூக்கியது இன்று இரண்டையே தூக்கும், அவ்வளவே.

ஆதலின், காந்தத்தின் இயல்புகளையும் வகைகளையும் சுருங்கக் கூறி, அதனைப் பேணும் முறைகள் அவ்வியல்புகளிலிருந்தே பெறப்படுமாற்றைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பேணும் விதிகளை மனனஞ்செய்தல் வேண்டா. காந்தம் இத்தன்மையதென உணர்ந்தவன் அவ்விதிகளைத் தானே ஆக்கிக்கொள்வான். இன்று பயிலும் மாணவரை முன்னிறுத்தியே எழுதுகின்றோமாயினும், பள்ளியை விட்டு நெடுங்காலமாகிய பழைய மாணவரும் தாம் கற்றவற்றுள் ஒன்றிரண்டை இங்கு மீண்டும் காண்பர். தம் காலத்து இல்லாத புதுமைகள் சிலவற்றையும் காண்பர்.

காந்தத்தின் இயல்புகள்

முதலாவது, காந்தம் சில பொருள்களையே வன்மையாகக் கவரும். இரும்பு, நிக்கல், கோபாற்று என்பனவும் அவை சேர்ந்த கலப்புலோகங்கள் பலவும் அத்தகையன. செம்பு, பித்தளை, ஈயம், அலுமினியம், வெள்ளி, பொன் என்பன சாதாரண காந்தத்தாற் கவரப்படுதலைக் காணோம். உலோகமெல்லாம் காந்தத்திற்கு வசப்படும் என்னும் எண்ணம் கீழ்வகுப்பு மாணவரிடையே பெரிதும் உண்டு. அடுக்களைப் பாத்திரங்களின்மேல் ஒரு காந்தத்தைப் பிடித்துப் பார்ப்பின் அவ்வெண்ணம் நீங்கும். எவர்சில்வர்ப் பாத்திரங்களுள்ளும் சில ஒட்டும்; சில ஒட்டா. நிக்கல் தானே காந்தத்தாற் கவரப்படுவதாயிருந்தும், அது போதிய அளவு சேர்ந்த எவர்சில்வர் பெரும்பாலும் கவரப்படாதிருத்தல் வியப்பன்றோ! எனவே, ஒரு பொருளில் எவ்வெவ் வுலோகங்கள் உள என்பது மட்டுமன்றி, அவற்றின் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள என்பதும் கவர்ச்சிக்குக் காரணமாதலை இதனால் அறிகின்றோம்.

இரண்டாவது, காந்தத்தின் வலி அதன் உடல் முழுவதும் ஒரே தன்மையாய்த் தோன்றுவதில்லை. சட்டக்காந்தமொன்றை இரும்புத்தூளிற் புரட்டியெடுத்தால், இரு முனைகளை அடுத்துத் தூள் குஞ்சம்போல் திரண்டு நிற்கும்; நடுவிடம் ஏறக்குறைய வெறுமையாய் இருக்கும். வலி மிக்க அவ்விடங்களையே முனைவுகள் என்கின்றோம்.

இவ்விடத்து மாணவர்க்கு ஒரு வினா. தோற்றத்தில் ஒத்த இரண்டு உருக்குச் சட்டங்கள் உள. ஒன்று காந்தம், மற்றது வெறும் உருக்கு. வேறு கருவி எதுவுமின்றி எது காந்தமெனக் காண்பது எங்ஙனம்? ஒன்றன் முனையை மற்றதன் நடுவிலே தொடச்செய்க. வன்மையாக ஒட்டினால், முனையாற் தொட்ட சட்டமே காந்தம். கவர்ச்சி மிகக் குன்றியிருப்பின், நடுவிலே தொடப்பட்டது காந்தம்.

மூன்றாவது, தடையின்றித் தொங்கும் காந்தம் ஏறக்குறைய வடக்குத் தெற்காகவே ஓய்வுறும். வடக்கை நாடும் முனைவு வடமுனைவு எனவும், தெற்கை நாடுவது தென்முனைவு எனவும் வழங்கப்படும். இவ்வாறு தொங்கவிடும்பொழுது அருகே இரும்பு மேசைக்கால், சாவிக்கொத்து முதலியன இல்லாதிருத்தல் வேண்டும். தொங்கவிடும் நூலும் முறுக்கற்றதாதல் வேண்டும்.

நான்காவது, ஒத்த முனைவுகள் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வா முனைவுகள் ஒன்றையொன்று கவரும். இவ்விரண்டனுள் தள்ளுகையே காந்தத்திற்கு உறுதியான சான்றாகும். ஒரு பொருள் காந்தத்தாற் கவரப்பட்டமை கொண்டு அதுவும் காந்தமெனத் துணிதல் கூடாது. வெறும் இரும்பும் கவரப்படுமன்றோ? தள்ளப்படுவதோ காந்தமாகவே இருத்தல் வேண்டும். மேலும், முனைவைக் காட்டப் பூசிய வர்ணத்தை நம்புவதும் தவறாகும். ஆய்கூடத்துச் சிறு திசையறி கருவிகள் வலிய காந்தமொன்றன் அருகே வைக்கப்பட்டதனால் முனைவு மாறிப்போதல் உண்டு. அதன்பின் வடக்கெனக் குறித்த முனை தெற்கையே நாடி நிற்கும். சோதனையைத் தொடங்குமுன் ஊசி எத்திசையை நாடுகின்றதென்று ஒருமுறை பார்த்துக்கொள்ளாத மாணவன், அன்றைய வாசிப்புக்கள் அனைத்தையும் தலைகீழாகவே எழுதுவான்.

ஐந்தாவது, முனைவுகளைத் தனித்தனியே பிரித்தல் இயலாது. காந்தமாக்கிய சவர அலகொன்றைத் துணியாற் பொதிந்து குறட்டினால் இரண்டாக முறித்துப் பார்த்தால், ஒவ்வொரு துண்டும் வடமுனைவும் தென்முனைவுமுடைய முழுக்காந்தமாக இருத்தலைக் காணலாம். நான்காக முறிப்பினும் அவ்வாறே.

ஆறாவது, காந்தத்தின் அருகே வரும் இரும்பு தானும் காந்தமாகின்றது. இதனைக் காந்தத் தூண்டல் என்பர். முனைவிலே ஓர் ஆணியும், அவ்வாணியின் நுனியில் மற்றோர் ஆணியுமாகச் சங்கிலிபோலத் தொங்குதல் இதனாலேயாம். காந்தவிசை தாள், பலகை, கண்ணாடி, நீர் ஆகியவற்றினூடும் செல்லும். ஆயினும், இடையிலே தடித்த மென்னிரும்புத் தகடு நின்றால் விசைக்கோடுகள் அத்தகட்டின் வழியே திரும்பிவிடும். அப்பாலுள்ள பொருளை அவ்விசை பெரிதும் சாராது.

காந்தத்தின் உள்ளே

முறித்த ஒவ்வொரு துண்டும் முழுக்காந்தமாவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காந்தத்தின் உள்ளமைப்பிலே உளது. இரும்பின் அணு ஒவ்வொன்றும் அதன் இலத்திரன்களின் இயக்கத்தினால் ஒரு நுண்ணிய காந்தமாயிருக்கின்றது. இவ்வணுக்கள் தனித்தனியே திசைமாறி நிற்பதில்லை. பெருந்தொகையானவை கூடி ஒரே திசையை நோக்கும் சிறு சிறு பகுதிகளாக அமைந்திருக்கும் என்பதை 1907ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் பியேர் வைசு எடுத்துரைத்தார். காந்தமாக்கப்படாத இரும்பில் இப்பகுதிகள் பல திசைகளை நோக்கி நிற்றலால், ஒன்றன் வலியை மற்றொன்று அழித்துவிடுகின்றது. காந்தமாக்குதல் என்பது புதிதாக ஒன்றை இரும்பினுள்ளே புகுத்துதல் அன்று. முன்பே உள்ள வலியை ஒருமுகப்படுத்துதலே ஆகும்.

இவ்வொன்றை மனத்திற் கொள்வோமாயின் ஏனையவெல்லாம் தெளிவாகும். காந்தத்தின் வலி ஒழுங்கினால் வந்தது. ஒழுங்கு குலையின் வலியும் குலையும். வெப்பம் அணுக்களை அதிரச்செய்து ஒழுங்கைக் குலைக்கும். இரும்பை ஏறத்தாழ 770 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் அதன் காந்தவியல்பு முற்றாக நீங்கும். நிக்கலுக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 358 பாகை. இத்தகைய எல்லையை ஆராய்ந்து 1895ஆம் ஆண்டிலே தம் ஆய்வை வெளியிட்ட பியேர் கியூரி என்பாரின் பெயரால் அது கியூரி வெப்பநிலை எனப்படும்.

புவியும் ஒரு காந்தம்

காந்தவூசி வடக்கை நாடுதற்குக் காரணம் வானத்து விண்மீன் என்று மேனாட்டார் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் கில்பேட் என்னும் மருத்துவர் 1600ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, புவியே ஒரு பெருங்காந்தம் என்று நாட்டினார். காந்தக்கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன்மேற் சிற்றூசிகளை வைத்து, அவை நிற்கும் நிலையைப் புவியின்மேல் ஊசி நிற்கும் நிலையோடு ஒப்பிட்டுக் காட்டினார். எனினும், புவியின் நடுவே காந்தக்கல் இருப்பதாக இன்று எவரும் கொள்வதில்லை. அவ்விடத்து வெப்பம் கியூரி எல்லையை மிகக் கடந்தது. புவியின் புறவகத்திலே உருகிய இரும்பு சுழன்றோடுவதனால் உண்டாகும் மின்னோட்டங்களே புவிக்காந்தத்திற்குக் காரணமாகும்.

நாம் மாணவராயிருந்த காலத்து நிகழ்ச்சியொன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். மேலும் கீழும் அசையுமாறு அமைத்த காந்தவூசி, கிடைக்கோட்டிலிருந்து எத்துணை பாகை சாய்கின்றது என அளக்கும் சோதனை எமக்கும் உடன்பயின்ற இருவர்க்கும் வந்தது. எம் கையிலிருந்த பாடநூல் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. அதிலுள்ள படத்தில் ஊசியின் வடமுனை நிலத்தை நோக்கி ஆழச் சாய்ந்திருந்தது. சாய்வு 67 பாகை என்றும் குறித்திருந்தது. எமது ஊசியோ ஏறக்குறையக் கிடையாகவே நின்றது. தட்டிப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம், அது தன் நிலையை விடவில்லை. ஊசி பழுதென்று எமக்குள் முடிவுசெய்து, குறிப்பேட்டில் 67 என்று எழுதிக் கொடுத்தோம்.

ஆசிரியர் அதனைப் பார்த்தார். சினக்கவில்லை. "தம்பிமாரே, நீங்கள் பார்த்த ஊசி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். "இங்கேதான், ஐயா," என்றோம். "புத்தகத்து ஊசி?" என்றார். எமக்கு விடை வரவில்லை.

அந்நூல் கூறியது இலண்டனுக்கு உண்மை. எம் ஊசி காட்டியது யாழ்ப்பாணத்திற்கு உண்மை. சாய்வு சிறிதும் இல்லாத இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடியையும் எம் நாட்டையும் ஒட்டிச் செல்கின்றது. ஆதலால் யாழ்ப்பாணத்திற் சாய்வு ஒரு சில பாகைகளே. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963ஆம் ஆண்டு முதலாக ஆராய்ச்சி உந்துகணைகள் ஏவப்பட்டமைக்கும் அவ்விடம் காந்த நடுக்கோட்டின் அணித்தாயிருந்தமையே காரணமாகும். எமது ஆய்கூடத்து ஊசி உலகில் ஓர் அரிய நிலையைக் காட்டிக்கொண்டு நின்றது. நாமோ அதனைப் பொய்யென்று தள்ளி, கண்ணாற் காணாத எண்ணை எழுதினோம். கண்டதை எழுதும் துணிவு விஞ்ஞான மாணவனுக்கு முதற்கண் வேண்டுவதென்பதை அன்று கற்றோம். அப்பாடத்தை இன்றும் மறந்தோமில்லை.

இச்செய்தியால் வேறொரு பயனும் உண்டு. இரும்புக் கம்பியொன்றைப் புவிக்காந்தத்தின் திசையிலே பிடித்துச் சுத்தியலாற் பலமுறை தட்டினால், அது சிறிதளவு காந்தமாகும். இங்கிலாந்து நூல்கள் கம்பியை வடக்கு நோக்கிச் சாய்வாகத் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லும். யாழ்ப்பாணத்து மாணவன் அதனை வடக்குத் தெற்காகக் கிடையாகவே பிடித்தல் வேண்டும். புவிக்காந்தத்தின் கிடைக்கூறு இலண்டனிலிருப்பதிலும் இங்கே ஏறக்குறைய இருமடங்காதலின், எமது திசையறி கருவியின் ஊசியும் விரைவில் நிலைபெறும்.

காந்த வகைகள்

காந்தங்களை இயற்கைக் காந்தம், செயற்கைக் காந்தம் என இருவகைப்படுத்துவர். நிலத்திற் கிடைக்கும் காந்தக்கல் இயற்கைக் காந்தமாகும். அஃது இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த கனிப்பொருள். செயற்கைக் காந்தங்கள் உருவத்தாற் சட்டக்காந்தம், பரியிலாடக் காந்தம், ஊசிக்காந்தம், வளையக்காந்தம் எனப் பலவாகும். பரியிலாட வடிவிலே இரு முனைவுகளும் அருகருகே நின்று ஒரே பொருளைக் கவர்தலால் தூக்கும் வலி மிகும்.

வலி நிலைக்கும் தன்மையால் அவை தற்காலிகக் காந்தம், நிலையான காந்தம் என இருவகைப்படும். மென்னிரும்பு எளிதிற் காந்தமாகும். காந்தத்தை அகற்றியதும் தன் வலியைப் பெரிதும் இழந்துவிடும். உருக்கு காந்தமாவதற்குத் தாமதிக்கும். ஆனபின் எளிதில் இழக்காது.

மென்னிரும்பின் குறையெனத் தோன்றும் அவ்வியல்பே மின்காந்தத்திற்கு உயிராகும். மின்னோட்டம் செல்லும் கம்பி காந்தவூசியை அசைத்தலை 1820ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்சுதெத் கண்டார். 1825ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் சுதேசன் மென்னிரும்பின்மேற் கம்பியைச் சுற்றி மின்காந்தத்தைச் செய்துகாட்டினார். 7 அவுன்சு நிறையுள்ள அவரது இரும்பு 9 இறாத்தலைத் தூக்கியது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் சுமையை விட்டது. மின்மணி, பாரந்தூக்கி முதலியன இம்முறையாலேயே தொழிற்படுகின்றன. எமது நாட்டிலே புல்மோட்டைக் கடற்கரைக் கருமணலிலிருந்து இல்மனைற்றைப் பிரித்தெடுப்பதற்கும் வலிய காந்தங்கள் உதவுகின்றன.

நிலையான காந்தங்களின் வளர்ச்சி வியக்கத்தக்கது. பழைய மாணவர் கையாண்டவை பெரும்பாலும் உருக்குக் காந்தங்கள். யப்பானிய அறிஞர் ஒண்டா 1917இற் கோபாற்று உருக்கினாலும், மிசிமா 1931இல் இரும்பு, நிக்கல், அலுமினியம் சேர்ந்த கலப்பினாலும் வலிமிக்க காந்தங்களை ஆக்கினர். அல்னிக்கோ எனப்படும் காந்தங்கள் பின்னதன் வழிவந்தவை. 1950ஆம் ஆண்டுகளில் இரும்பொட்சைட்டோடு பேரியம் சேர்த்துச் சுட்ட பெரைற்றுக் காந்தங்கள் பரவின. கரிய நிறமும் மட்பாண்டம்போல் உடையும் தன்மையும் கொண்ட இவை மலிவானவை, ஒலிபெருக்கிகளிற் பெரிதும் காணப்படுபவை. 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் நியோடிமியம், இரும்பு, போரன் ஆகியன சேர்ந்த காந்தம் யப்பானிலும் அமெரிக்காவிலும் ஆக்கப்பட்டது. விரல்நுனியளவான இக்காந்தம் ஆய்கூடத்துப் பழைய சட்டக்காந்தத்தை எளிதில் வென்றுவிடும்.

காந்தமாக்கும் முறைகள்

தையலூசியொன்றை மேசையில் வைத்து, காந்தமொன்றன் வடமுனைவினால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே திசையில் முப்பது முறை உரோஞ்சுக. ஒவ்வொரு முறையும் காந்தத்தை உயரத் தூக்கியே தொடக்கத்திற்கு மீட்டல் வேண்டும்; முன்னும் பின்னுமாகத் தேய்ப்பின், செய்த ஒழுங்கை நாமே குலைத்தவராவோம். உரோஞ்சுதல் முடிவுறும் முனை தென்முனைவாகும். ஊசியைச் சிறு தக்கையின்மேற் கிடத்தி நீரில் மிதக்கவிட்டால் அது வடக்குத் தெற்காகத் திரும்பி நிற்கும். இதனினும் சிறந்த முறை, உருக்கை நீண்ட சுருளினுள்ளே வைத்து, நேரோட்டத்தைச் சிறிது நேரம் செலுத்துதலாகும். வலியிழந்த பழைய காந்தங்களையும் இவ்வாறு மீட்கலாம். ஆடலோட்டம் செல்லும் சுருளினுள் வைத்து, மெல்ல வெளியே இழுத்துத் தூரக் கொண்டுசென்றால் காந்தம் தன் வலியை இழக்கும்.

காந்தங்களைப் பேணல்

மேற்கூறியவற்றிலிருந்து பேணும் முறைகள் தாமே பெறப்படும்.

1. காந்தத்தை விழவிடுதலும் சுத்தியலால் அடித்தலும் ஆகா. அதிர்ச்சி அதன் உள்ளொழுங்கைக் குலைக்கும். உருக்குக் காந்தத்தை இது பெரிதும் தாக்கும். பெரைற்றும் நியோடிமியமும் உடைந்தே போகும்.

2. அடுப்பு, சுடரடுப்பு, கொடுவெயில் ஆகியவற்றின் அருகே வைத்தல் ஆகாது. நியோடிமியக் காந்தங்களுட் சாதாரணமானவை ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேலே வலியிழக்கத் தொடங்கும்.

3. சட்டக்காந்தங்களை இருவிரண்டாகவே வைத்தல் வேண்டும். ஒன்றன் வடமுனைவு மற்றதன் தென்முனைவை அடுத்திருக்குமாறு சமாந்தரமாக வைத்து, இடையிலே மரச்சட்டமொன்றை இட்டு, இருபுறத்து முனைகளையும் காப்பிரும்பு எனப்படும் மென்னிரும்புத் துண்டுகளால் இணைத்தல் வேண்டும். தனித்திருக்கும் காந்தத்தின் முனைவுகள் அதன் உள்ளேயே எதிர்விசையை உண்டாக்கி, அதனை நாளடைவில் நலியச்செய்யும். காப்பிரும்பு விசைக்கோடுகளுக்கு முடிவற்ற வழியை அமைத்துத் தருதலால் அவ்வெதிர்விசை தணிகின்றது. பரியிலாடக் காந்தத்திற்கு ஒரு துண்டே போதும். உருக்குக்கும் அல்னிக்கோவுக்கும் இப்பாதுகாப்பு இன்றியமையாதது. பெரைற்றுக்கும் நியோடிமியத்துக்கும் வேண்டுவதில்லை.

4. ஒத்த முனைவுகளை வலிந்து சேர்த்துக் கட்டுதல் ஆகாது. பெட்டியில் இடந்தேடி அவசரமாகத் திணிக்கும் மாணவராலேயே இப்பழுது பெரிதும் நேர்கின்றது.

5. இரும்புத்தூட் சோதனையின்போது காந்தத்தை மெல்லிய தாளாற் சுற்றிக்கொள்க. தாளை அகற்றியதும் தூள் தானே உதிரும். இல்லையேல் அதனைத் துடைத்தெடுப்பதில் ஒரு பாடவேளை கழியும்.

6. ஈரம் படாது வைத்தல் வேண்டும். கடலை அடுத்த எமது ஊர்களில் உப்புக்காற்றினாற் கறள் விரைவில் ஏறும். நியோடிமியக் காந்தத்தின் வெண்ணிறப் பூச்சுச் சிதைந்தால் அது உள்ளே பொடியாய்ப் போகும்.

7. திசையறி கருவி, கைக்கடிகாரம், காந்தப்பட்டியுள்ள வங்கி அட்டை ஆகியவற்றை வலிய காந்தத்திலிருந்து விலக்கி வைக்க. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பெற்றோர் அத்தகைய காந்தத்தை அணுகுதல் கூடாது.

8. சிறு நியோடிமியக் காந்தங்களைக் குழந்தைகள் கையிற் கொடுத்தல் ஆகாது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கின், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று கவர்ந்து, இடையிலுள்ள குடற்சுவரை நசுக்கித் துளைத்துவிடும். இவ்வாறு நேரின் சிறிதும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

இவற்றோடு, தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு காந்தமும் எத்தனை ஆணிகளைத் தூக்குகின்றதெனப் பார்த்து ஆய்கூடக் குறிப்பேட்டிற் பதிதல் நன்று. ஓசையின்றி நிகழும் இழப்பை அறிதற்கு இதனினும் எளிய வழி இல்லை.

முடிவுரை

காந்தத்தைப் பேணுதல் அதன் உள்ளொழுங்கைப் பேணுதலேயாம். இதனை உணர்ந்த மாணவன், சட்டக்காந்தத்தைப் பெட்டியிலே இடும்போது ஆசிரியரின் கண்ணுக்கு அஞ்சி அன்று, தான் அறிந்தமையாலேயே முனைவு பார்த்து இடுவான்.

விழாக்காலத்திற் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கு கூடுகையில் இன்னுமொன்று எம் நினைவிற்கு வருகின்றது. காந்தத்தை ஒட்டி நிற்கும்போது மென்னிரும்பும் உருக்கும் ஆணியைத் தூக்கும். மென்னிரும்பே சற்று மிகுதியாகவும் தூக்கும். எது கற்றது, எது கற்றிலது என்பது காந்தத்தை அகற்றிய பின்னரே தெரியும். வகுப்பிலே தாமதித்துக் கற்கும் மாணவனைக் குறித்து ஆசிரியர் மனந்தளர வேண்டா. அவன் உருக்காக இருத்தலும் கூடும். கல்லூரியை விட்டு அகன்ற எம்மை நாமே சோதித்துக்கொள்வதற்கும் இஃது ஏற்ற அளவுகோலாகும்.